கரையில் மூட்டிய கரிநெருப்பு

(போர்ட் கிள்ளானில், ஈஸ்டருக்குப் பிந்திய வாரத்து மாலைக் கூட்டத்தில் அளித்த தேவ செய்தியின் எழுத்து வடிவம். தியானப் பகுதி: யோவான் 21:1–19)



யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. முதலாவது பதினெட்டாம் அதிகாரத்தில். பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றம், குளிரான இரவு. வேலைக்காரரும் சேவகரும் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நிற்கிறான். தனக்கும் இயேசுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மூன்று முறை அவன் சாதித்தது அந்த முற்றத்தில்தான்.

இரண்டாவது இடம், நாம் வாசித்த பகுதி. திபேரியா கடல், விடியும் நேரம். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படாமல் ஏழு பேர் படகில் இருக்கிறார்கள். கரையில் நிற்பவர் கர்த்தர் என்று தெரிந்ததும் பேதுரு மேல்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். கரையேறிப் பார்த்தால் அங்கே கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம்.

பல வருஷம் இந்த அதிகாரத்தை கர்த்தர் சொல்லிப் போட்ட வலையில் சிக்கிய நூற்று ஐம்பத்து மூன்று மீன்களுக்காகவே பிரசங்கித்து வந்திருக்கிறோம். இன்று மீனை விட்டுவிடுங்கள். அந்த நெருப்பைப் பாருங்கள்.

நீங்கள் கடலோரத்து மக்கள். சாயங்காலம் தஞ்சோங் ஹராப்பான் பக்கம் நடந்துவிட்டு வந்தால் ஈக்கான் பாக்கார் கடைகளில் மீன் சுடும் புகை சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். வாசனைக்கு அப்படி ஒரு பலம் உண்டு. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தி மூளைக்குள் ஒரு நடுநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. வாசனையோ ஏறக்குறைய நேராகவே பயமும் நினைவும் குடியிருக்கிற பகுதியைப் போய்த் தொட்டுவிடும். அதனால்தான் எங்கேயோ வரும் ஊதுபத்தி மணம், முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு சாவு வீட்டுக்குள் நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நனைந்த உடம்போடு கரையேறிய பேதுருவின் மூக்கில் அந்தக் கரிப்புகை ஏறியபோது அவன் மனதுக்குள் என்ன நடந்தது என்று யோவான் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை என்றே நினைக்கிறேன். மனக்காயத்தோடு வாழ்கிற எவருக்கும் அது தெரியும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொல்லிக்கொள்ள அவரே அனுமதி கொடுத்தார். சபையில் ஐக்கிய விருந்து என்றால் வரமாட்டார். ஆராதனை முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவார். பெருமைக்காரி என்று சிலர் சொன்னார்கள். சிலர் தலையில் கைவைத்து ஆவியைக் கடிந்து ஜெபித்தார்கள். ஒரு நாள் சமையற்கட்டில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு இந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்து லயத்தில், சம்சு குடித்துவிட்டு வரும் அப்பா, சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைப்பாராம். தட்டு சுவரில் மோதும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பின்கதவு வழியாக ஓடி ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்துகொள்வார்களாம். அப்பா செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தத் தட்டு இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பல வாரம் பிடித்தது. முதல் முறை வந்தபோது வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கரையில் இயேசு என்ன செய்தார் என்று பாருங்கள். விசாரணை எதுவும் செய்யாமல் முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். அப்பத்தையும் மீனையும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் மட்டும், நடந்த சங்கதியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எலியாவுக்கும் இப்படித்தான் நடந்தது. சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவு கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார். இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்தது, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. நாமோ துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, எல்லாம் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

சாப்பாடு முடிந்த பிறகு இயேசு பேதுருவிடம் கேட்கிறார், என்மேல் உனக்கு அன்பு உண்டா என்று. ஒரு தரம் கேட்டு விட்டிருக்கலாம். இரண்டாம் தரமும் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். அவன் துக்கப்படுவான் என்று தெரிந்தேதான் கேட்டார். மூன்று தரம் மறுதலித்த வாய்க்கு, மூன்று தரம் அன்பைச் சொல்ல இடம் கொடுத்தார், அதே கரிநெருப்பின் பக்கத்தில். பாதியில் நிறுத்தியிருந்தால் அன்றைக்குப் பேதுருவுக்கு வலித்திருக்காது. ஆனால் அப்புறம் கரிப்புகை வரும் இடமெல்லாம் அவனுக்கு அந்த முற்றமாகவே இருந்திருக்கும்.

மனநல மருத்துவத்தில் இதை இன்றைக்கும் செய்கிறார்கள். அஞ்சி ஒதுங்கும் நினைவை, நம்பிக்கையான ஒருவரின் துணையோடு, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துப் பேசவைக்கிறார்கள். நினைவு அழிவதில்லை. அதோடு ஒட்டியிருந்த பயம் தளர்கிறது. இதைச் செய்யப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும். மேடைக்கு அழைத்து, எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லு என்று மைக்கைக் கொடுப்பது இதற்கு நேர் எதிர். அப்படிச் செய்யாதிருங்கள்.

நாம் ஏன் பேசுவதில்லை என்றும் யோசிக்க வேண்டும். இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கைத் தாண்டி, அன்றைக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்திருந்த இந்த ஊரில் இறங்கி, தோட்டத்துக்குப் போனவர்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 1943-லும், சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, கடைசி முகம் பார்க்கவும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய் வேலை வரிசையில் நிற்க வேண்டும். அழ நேரமில்லை. பிற்காலத்தில் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பிறந்த லயத்தைவிட்டு மாடி வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான். வாயை மூடிக்கொண்டால்தான் பிழைக்க முடியும் என்று நம் பெரியவர்கள் படித்துக்கொண்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மௌனம் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அவர்கள் பேசாமல் விட்ட துக்கம் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. காரணமில்லாமல் பிள்ளைமேல் பாயும் கோபமாக இருக்கிறது, ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து உட்காரும் உடம்பாக இருக்கிறது.

இந்த ஊரின் கதையே ஒன்று உண்டு. 1901 செப்டம்பரில் கண்டல் சதுப்பை வெட்டித் துறைமுகத்தைத் திறந்தார்கள். சில வாரங்களுக்குள் மலேரியா வந்து கூலியாட்களும் அவர்கள் பிள்ளைகளும் விழ ஆரம்பித்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற நிலை. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கே வருஷம் ஆகியிருந்தது. கிள்ளானுக்கு அந்த வருஷம்தான் வந்துசேர்ந்த மால்கம் வாட்சன் என்ற வாலிப மருத்துவர் கொயினா கொடுப்பதோடு நிற்கவில்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தேடிப்போனார். வாய்க்கால் வெட்டவைத்தார், புதரை அழிக்கவைத்தார், பள்ளங்களைத் தூர்க்கவைத்தார். அடுத்த வருஷமே காய்ச்சல் சாவுகள் மளமளவென்று குறைந்தன. நாம் சபையில் காய்ச்சலுக்காக ஊக்கமாய் ஜெபிக்கிறோம். அவன் குடியை நிறுத்தும், அவள் கோபத்தை மாற்றும், இவன் சோம்பலை நீக்கும் என்று ஜெபிக்கிறோம். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம், விசுவாசி அழக்கூடாது என்று நாமே ஒரு சட்டம் போட்டுவைத்திருப்பது. எந்த வேதத்தில் இருக்கிறது அது? நூற்று ஐம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. அதை எழுதியவனைத் தேவன் தள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்டார். கெத்செமனேயில் தனியாக ஜெபிக்கப் போகும்போது மூன்று பேரைக் கிட்ட வைத்துக்கொண்டார். என்னோடு விழித்திருங்கள் என்பது தேவகுமாரனுடைய தேவையாக இருந்தது என்றால், எனக்கு யாரும் வேண்டாம், ஜெபம் போதும் என்று நாம் சொல்வது எந்த ஆவிக்குரிய வளர்ச்சி?

மன்னிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் காயப்படுத்துவது இதில்தான்.

எவரெட் வொர்த்திங்டன் என்று அமெரிக்காவில் ஒரு மனோதத்துவ அறிஞர், கிறிஸ்தவர். மன்னிப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1996 புத்தாண்டு வேளையில் திருட வந்த ஒருவன் அவருடைய தாயாரை வீட்டிலேயே அடித்துக் கொன்றுவிட்டான். படித்ததும் போதித்ததும் அன்றைக்குப் பரீட்சைக்கு வந்தன. கையில் ஒரு மட்டை கிடைத்தால் அவனை அடித்தே கொன்றுவிடுவேன் என்ற ஆத்திரம் தமக்குள் எழுந்ததை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பிறகு மன்னித்தார். பின்னாளில், தாயாரின் உடலை முதலில் பார்த்த அவருடைய தம்பி, அந்தத் துயரத்திலிருந்து மீள முடியாமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கொலைகாரனை மன்னித்தவருக்கு, தம்பிக்கு உதவத் தவறிவிட்டேனே என்று தம்மையே மன்னிக்க வெகுகாலம் ஆயிற்று.

அவர் பிரித்துக் காட்டும் ஒரு காரியத்தை நம் சபைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னிக்கிறேன், பழிவாங்கமாட்டேன் என்று தீர்மானிப்பது ஒன்று. அதை முழங்காலில் நின்று ஒரே இரவில் செய்துவிடலாம். உள்ளே இருக்கிற கசப்பு இறங்கி இரக்கம் ஊறுவது வேறொன்று. அதற்கு நாளாகும், சில சமயம் வருஷமாகும். தீர்மானித்துவிட்டு, ஆனால் இன்னும் வலிக்கிறதே, அப்படியானால் நான் மன்னிக்கவில்லையோ, என் ஜெபம் பொய்யோ என்று தன்னையே வதைத்துக்கொள்ளும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வலிப்பது பாவமல்ல. ஆறிக்கொண்டிருக்கிற காயமும் வலிக்கத்தான் செய்யும். வொர்த்திங்டனுடைய முறையில் தயாரித்த ஒரு பயிற்சி ஏட்டை ஹாங்காங், இந்தோனேசியா, உக்ரைன், கொலம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்துச் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மன்னிக்கும் மனம் கூடியதோடு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன.

ஆனால் மன்னிப்பது வேறு, மறுபடியும் நம்புவது வேறு. யோசேப்பைப் பாருங்கள். சகோதரர்களைக் கண்ட உடனே கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு தரம் அவர்களைவிட்டு அப்புறம்போய் அழுதான். இன்னொரு தரம் அறைக்குள் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். என்னை விற்றவர்கள் பென்யமீனையும் விட்டுவிட்டுப் போவார்களா, அல்லது மனம் திரும்பியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தான். யூதா தம்பிக்குப் பதிலாக நானே அடிமையாயிருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் எகிப்தியர் கேட்கும்படி சத்தமிட்டு அழுதான். இது தெரிந்திருந்தும், இரவில் அடிபட்டுக் காலையில் சபைக்கு ஓடிவரும் மனைவியைப் பார்த்து, மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா என்று சொல்லி அனுப்பினால், அவள் உடம்பில் விழும் அடுத்த அடிக்கு நாமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டிவரும். இந்த நாட்டில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். சபை மூப்பர் அவளோடு போலீஸ் நிலையத்துக்குப் போய் உட்காருவதும் ஊழியம்தான்.

மருந்தைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. பதினைந்து வருஷ ஆயுசை வாக்குப்பண்ணின தேவன்தான் எசேக்கியாவின் கட்டிக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-லேயே மனநல மையத்தைத் திறந்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கி, கூடவே சமைத்துச் சாப்பிட்டு, வைத்தியத்தில் பங்கெடுக்கும் வழக்கம் அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி, 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடாகிவிட்டது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நம் சபையில் அப்படி யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்தால், வேண்டுமானால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார். சர்க்கரை மாத்திரையைக் கர்த்தருடைய கிருபை என்று விழுங்குகிறவர்கள், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் அவிசுவாசம் என்று சொல்லக்கூடாது.

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாட் வரா, இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவானவர். ஊழியத்துக்கு வந்த புதிதில், 1935-இல், அவர் செய்த முதல் அடக்க ஆராதனை பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு. பெரியவளானதும் என்னவோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று பயந்து, கேட்பதற்கு ஒரு ஆளும் இல்லாமல் உயிரை விட்டிருந்தாள். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல ஒரு அக்காவோ அத்தையோ இருந்திருந்தால் போதும். அந்தச் சாவு அவரை விடவில்லை. 1953-இல் லண்டனில் தம் ஆலயத்திலேயே, சாக நினைப்பவர்கள் போன் செய்யவும் நேரில் வரவும் ஓர் இடம் திறந்தார். கூட்டம் அதிகமானது. குருவானவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருக்கச் சில சாதாரண ஆட்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு காரியம் அவர் கண்ணில் பட்டது. காத்திருந்தவர்களில் பலர், குருவானவரைப் பார்க்காமலே மனம் தேறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். படித்த ஆலோசகரைவிட, டீ கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் அவர்களுக்குத் தேவையாக இருந்தார். சாட் வரா அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படித்தான் வளர்ந்தது. அந்த வழியில் 1970-இல் கோலாலம்பூரில் தொடங்கியதுதான் பெஃப்ரெண்டர்ஸ். இருபத்து நான்கு மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் ஒருவர் கேட்கக் காத்திருக்கிறார். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கும் சட்டப்பிரிவையும் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. போலீஸுக்குப் பயந்து யாரும் ஒளிய வேண்டியதில்லை. சபைக்குப் பயந்து ஒளியும் நிலை மட்டும் இருக்கலாமா?

பேதுருவுக்கு அந்தக் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பல வருஷம் கழித்து அந்தியோகியாவில், புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டான். பவுல் முகத்துக்கு நேரே கண்டிக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பழைய பயம், அதே மனுஷன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முற்றத்தில் விழுந்தபோது வெளியே போய்த் தனியாக மனங்கசந்து அழுதான். அந்தியோகியாவில் சகோதரர்கள் நடுவில் விழுந்தான், அவர்கள் நடுவில் கண்டிக்கப்பட்டான், ஊழியத்தில் நிலைத்தும் இருந்தான். மந்தையை மேய்ப்பதைப் பற்றி மூப்பர்களுக்கு நிருபம் எழுதும் அளவுக்கு வளர்ந்தான். ஆவிக்குரிய வளர்ச்சி என்றால் இனி விழவே மாட்டேன் என்று நினைப்பவர்கள், விழும்போது மறைக்கிறார்கள். மறைக்கத் தேவையில்லாத ஓர் இடம் கிடைத்தவர்கள்தான் எழுந்திருக்கிறார்கள்.

ஆகையால் மூப்பர்களிடமும் செல் குழுத் தலைவர்களிடமும் ஒரு விண்ணப்பம். இன்று கூட்டம் முடிந்து கூடத்தில் டீ இருக்கிறது. பேச விரும்புகிறவர்கள் உட்காரட்டும். பேச விரும்பாதவர்கள் டீ குடித்துவிட்டுப் போகட்டும், யாரையும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். யாராவது தன் துக்கத்தைச் சொன்னால் குறுக்கே வசனம் சொல்லாமல் கேளுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இந்த ஒரு காரியத்தைத் தவிர, கேட்டது எதுவும் உங்களைத் தாண்டிப் போகக்கூடாது. சகோதரி இன்னாருக்காக ஜெபியுங்கள், அவர் கணவர் இப்படிச் செய்கிறாராம் என்று வாட்ஸ்ஆப் ஜெபக்குழுவில் போடுகிறோமே, அது ஜெபக் குறிப்பு அல்ல, புறங்கூறுதல். ஜெபிக்க வேண்டுமானால் பெயர் தேவையில்லை, கர்த்தருக்கு யாரென்று தெரியும். இந்த வாரத்திலிருந்து நம் குழுவில் அப்படி ஒரு செய்தியும் வராதபடி நிர்வாகிகள் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்திருப்பவற்றை இன்று ராத்திரியே அழித்துவிடுங்கள்.